பாதி கடித்த கொட்டைகள்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படிப்பு ஏறாவிட்டாலும் பயம் நன்றாக ஏறியிருந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனைக் காப்பிப்பொடிக் கடைக்காரர் கலப்படம் செய்கிறாரோ என்று பயந்து, பச்சைக் காப்பிக்கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுப்பேன். அரைக்க மட்டும் அவரிடம் போவேன்.

அன்று மகளைப் பெண் பார்க்கப் புளியங்குடியிலிருந்து வருவதாக இருந்தது.

"சீக்கிரம் அரைச்சுத் தாங்கண்ணாச்சி, சாயந்திரம் மாப்பிள வீட்டுக்காரங்க வாராங்க."

எப்போதும் அப்படியே மிஷினில் கொட்டுகிறவர், அன்று கொட்டையைத் தட்டில் பரப்பிப் பார்த்து முகம் சுளித்தார். "ச்சை! பாதி பாதியா கிடக்கு. எலி கடிச்சிருக்குக்கா. மிஷின்ல போட மாட்டேன், மத்தவங்களும் குடிக்காண்டாமா?"

எலி இல்லை, நான்தான். கருகிவிடுமோ என்ற பதற்றத்தில் நிமிஷத்துக்கு ஒன்றைக் கடித்துப் பார்ப்பேன். வீணாக்க மனமில்லாமல், மீதிப் பாதியை எச்சிலோடு சட்டியிலேயே போட்டுவிடுவேன். அந்தக் காப்பியைத்தான் இத்தனை வருஷமும் வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் கொடுத்திருக்கிறேன். தட்டில் என் பல்தடங்களைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

"எலிதாண்ணாச்சி," என்றேன்.

அவர் என் கொட்டையைக் குப்பையில் கொட்டிவிட்டு, தன் கொட்டையை அரைத்துக் கொடுத்தார். "நம்பிக் கொண்டு போங்க. பிள்ளைக்கு நல்லபடியா முடியட்டும்."

சாயந்திரம் மாப்பிள்ளையின் அம்மா ஒரு மடக்கு குடித்தார். "நல்ல மணமா இருக்கே, எந்தக் கடை?"

"எங்கம்மா கடைய நம்ப மாட்டா. வீட்டுலயே வறுப்பா," என்றாள் மகள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கல்யாணம் முடிந்துவிட்டது. கொட்டையைக் கடிக்கும் பழக்கமும் போய்விட்டது. அந்தத் தலையாட்டலை நினைத்தால்தான் இன்னமும் குமட்டுகிறது.