சாலோமியின் கணப்புச் சட்டி

ஏரலில் முப்பது வருஷம் பேறுகாலம் பார்த்த சாலோமி, பிள்ளை பெற்றவளின் அறையில் குளிர்காயக் கணப்புச் சட்டி வைக்கவே விடமாட்டாள். திமிர் பிடித்தவள் என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன தெரியும்?

1913 கார்த்திகையில் ஆறு இரு கரையும் முட்டிப் போனது. பிள்ளை பெற்ற இசக்கியம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக, சர்வே துரையின் சின்ன மோட்டார் படகுதான் கிடைத்தது. பச்சைப்பிள்ளைக்குக் குளிர் ஆகாது என்று, சாலோமி கங்கு நிறைந்த சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஏறினாள்.

நடு ஆற்றில் பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றது. வெள்ளம் படகைப் பக்கவாட்டில் இழுத்தது. படகோட்டி சுடலைக்கண்ணு பதறிப்போய் மாற்று பெட்ரோல் டின்னை மோட்டாரில் கவிழ்த்தான். பாதி சிந்தி, சாலோமியின் காலடிக்கு ஓடி வந்தது. அப்போதுதான் அவன் முந்தானைக்குள் புகையைக் கண்டான்.

"யக்கா, ஆட்டிராதீய. அதப் பைய ஆத்துக்குள்ள எறக்குங்க."

ஒரு கங்கு விழுந்தால் நான்கு பேரும் சாம்பல். நடுங்காமல், இரு கையாலும் சட்டியை விளிம்பு தாண்டி இறக்கினாள். தண்ணீர் சீறியது.

பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது, அழவில்லை. சாலோமி ரவிக்கையை அவிழ்த்து, அதைத் தன் வெறும் மார்போடு சேர்த்துச் சேலையால் சுற்றினாள். சுடலைக்கண்ணு திரும்பிப் பாராமல் மோட்டாரைச் சுழற்றினான். கரை தட்டுமுன் பிள்ளை வீரிட்டது. தாயும் பிழைத்தாள்.

அதன்பின் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் அவள் தாயின் மார்பில்தான் போட்டாள். யாராவது மறந்துபோய்க் கணப்புச் சட்டியோடு உள்ளே வந்தால், வெளியே போகச் சொல்லி நீட்டும் கை நடுங்கும். அன்று நடுங்காத அதே கை.