கிழக்கு வேலிக் கையெழுத்து

பதினோரு வயதில் நான் ஒரு கள்ளக் கையெழுத்துப் போட்டேன். சட்டத்துக்கு அஞ்சாத வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வான்கோழிக்கு அஞ்சியவன். போட்டதோடு விடாமல், அழகுக்காகக் கீழே ஒரு கோடும் இரண்டு புள்ளியும் வைத்தேன். அகப்பட்டுக்கொள்ள அதைவிட நல்ல வழி வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கோழிப் பண்ணைக்காக அப்பா கொட்டகை போட்டிருந்தார். மில் வேலையை விட்டு வந்தவருக்கு அதுதான் பிழைப்பு. பஞ்சாயத்திலோ, சுற்றிலும் நிலம் உள்ளவர்களிடம் விவரம் சொல்லி, சம்மதபத்திரத்தில் கையெழுத்து வாங்கி வந்தால்தான் மனுவையே வாங்குவோம் என்றார்கள். வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றும் சுலபம். கிழக்கு வேலிக்கு அந்தப்புறம் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அதனால் பத்திரத்தைக் கொடுத்து என்னை அனுப்பினார். காதுகுத்துக்கே பெரியவர்கள் நேரில் வந்து கூப்பிட்டால்தான் மதிப்பு என்கிற ஊர் எங்களுடையது. மூன்று வீட்டிலும் கையெழுத்துக்கு முன்னால், "ஏங்கண்ணு, உங்கொப்பன் வரலியா?" என்று கேட்டார்கள். நானும் காய்ச்சல், பல்வலி, கால் சுளுக்கு என்று வீட்டுக்கொரு நோயாக அப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டே போனேன்.

அத்தை வீட்டு வான்கோழி ஏற்கனவே ஒருமுறை என் டவுசரை ருசி பார்த்திருந்தது. படலுக்கு வெளியே நின்றேன். உள்ளே எங்கிருந்தோ அதன் குரல் கேட்டது. அவ்வளவுதான், வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அத்தையின் பெயரை நானே எழுதிவிட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அதில் பொய்யே இல்லை. அப்பா அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த வாரம் இடம் பார்க்க வந்த பஞ்சாயத்து ஓவர்சியர், கோடும் புள்ளியும் கண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வேலியோரம் நின்ற அத்தையிடம் தாளை நீட்டி, இது அவர் போட்டதில்லை என்றால் பண்ணைக்கு அனுமதி கிடையாது என்றார். நான் ஏறி ஒளிய மரம் தேடினேன். எட்டிய தூரத்தில் முருங்கைதான் இருந்தது.

அத்தை தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொட்டகை வாசலில், பல வருஷத்துக்குப் பிறகு அக்காவைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று நின்ற அப்பாவை அதிக நேரம் பார்த்தார்.

"என்ற கையெழுத்துதானுங்க."

முதல் குஞ்சுகள் வந்து இறங்கிய அன்று, ஒரு கையில் தற்காப்புக்குக் குச்சியோடு அத்தை வீட்டுக்குப் போனேன். கையெழுத்து வாங்க அன்றைக்குப் படல் வரைக்கும் வந்தேன், வான்கோழிக்குப் பயந்துதான் உள்ளே வரவில்லை என்று குற்றத்தை அதன் தலையில் கட்டினேன். அத்தை முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. அவர் சொன்ன பதிலில், நான் வீணாகப் பயந்திருக்கிறேன் என்பது மட்டும்தான் எனக்கு அன்று விளங்கியது.

"உங்கொப்பன் வருவான்னு அன்னிக்கு அதைப் புடிச்சுக் கூடைல கவுத்தி வெச்சிருந்தன்டா."