இஞ்சி உரலில் பொடித்த மாத்திரை

என் மருந்துக்கடை மேசையில் சின்ன இரும்பு உரல் ஒன்று இருக்கிறது. மருந்து வாங்க வருகிறவர்கள், "என்ன அண்ணே, நாட்டு மருந்தும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேலி செய்வார்கள். சிரித்துவைப்பேன். கோரிப்பாளையத்தில் எங்கள் கடைக்கு அடுத்த டீக்கடை மாஸ்டர் இஞ்சி தட்டிய உரல் அது.

மாஸ்டருக்கு இளவயதிலிருந்தே வலிப்பு. மூன்று வேளையும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும் என்பதால் ரமலான் நோன்பு வைத்ததேயில்லை. நோயாளிக்கு விலக்கு உண்டென்று பள்ளிவாசலில் எத்தனை முறை சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. மதிய வேளையில் கடைக்குப் பின்னால் திரும்பி நின்று, யாருக்கும் தெரியாமல் தண்ணீர் குடிக்கும் அவரைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும். ஒரு வருடம், ரமலான் தொடங்கும் முன்பு, டாக்டர் மருந்தை மாற்றினார். நாளுக்கு ஒன்றே ஒன்று. வயிற்றில் மெல்ல மெல்லக் கரைந்து மறுநாள் வரை தாங்கும். நோன்பு வைத்துப் பார்க்கவும் சம்மதித்தார். சீட்டை என்னிடம் நீட்டியபோது மாஸ்டரின் முகம் பிறை கண்டது போலிருந்தது.

"கொட்டப்பாக்காட்டம் இம்புட்டுப் பெருசா இருக்கே மாப்ள. விடியுமுன்ன சகர் நேரத்துல பொடிச்சு, தேன்ல கொழச்சுத் தின்னுக்கிறவா?" என்று கேட்டார். பழைய மாத்திரைகளை அந்த உரலில் பொடித்துத்தான் சாப்பிட்டு வந்தார். கடையில் கூட்டம். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையாட்டினேன்.

மூன்றாம் நோன்பன்று, சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு வடை போட்டுக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து அப்படியே சரிந்தார். யாரோ அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நான் ஓடிப்போய் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது வலது கை எண்ணெயில் வெந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கை எரிச்சலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எந்நோம்ப அல்லா ஏத்துக்கல மாப்ள" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பொடித்துச் சாப்பிட்டதால் நாள் முழுக்கக் கரைய வேண்டிய மருந்து காலையிலேயே மொத்தமாகக் கரைந்து, சாயங்காலத்துக்கு மிச்சமில்லாமல் போயிருக்கிறது. மருந்தைப் பற்றிப் படித்தவன் நான். பொடிக்கக் கூடாதென்று பெட்டியிலேயே எழுதியிருந்ததை எடுத்துச் சொல்லாதவனும் நான். கட்டிலருகே போய், "நாந்தான் மாஸ்டர் தலையாட்டுனேன். தப்பு என்னோடது" என்றேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப நோம்புல ஒரு கொறையும் இல்லயா?"

"இல்ல மாஸ்டர்."

கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அடுத்த வருடம் டாக்டரிடம் மறுபடி கேட்டுக்கொண்டு முப்பது நோன்பும் வைத்தார். உரலை என்னிடம் கொடுத்தது அப்போதுதான். அந்தக் கை இன்றைக்கும் முழுதாக மடங்காது. இந்த ரமலானிலும் நோன்புக் கஞ்சித் தூக்கை இடது கையில் கொண்டுவந்து உரலுக்குப் பக்கத்தில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தவர், "முழுசாத்தான் முழுங்குறேன் மாப்ள. நீ கஞ்சியக் குடி" என்றார்.