சோறு போடாத செவ்வாய்க்கிழமை

மரவள்ளிக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கில் ஒரு கசப்பு ஒட்டிக்கொள்ளும். நடுவிலிருக்கும் நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு, விரலை விட்டு இழுத்தாலும் வராது. எழுபதுகளின் முற்பகுதியில் இலங்கையில், யட்டவத்தப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்த எங்களுக்குக் காலையும் மாலையும் அந்தக் கிழங்குதான். அரிசி கூப்பனுக்கு அளந்து கிடைத்தது, பாண் ரொட்டிக்கு விடியுமுன்பே வரிசை நின்றது, இவை போதாதென்று வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டுக் கடைகளில் சோறே போடக்கூடாது என்று அரசாங்கம் சட்டமும் வைத்திருந்தது. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்த நாட்களுக்குப் பெயர் "சோத்துக்கு லீவு".

என் பத்தாவது பிறந்தநாள் அப்படியொரு செவ்வாய்க்கிழமையில் வந்து விழுந்தது. அப்பா தோட்டத்து லாரி ஓட்டுபவர், அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மாத்தளைக்குப் போய், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, கடைத்தெருவில் மாடி வைத்த பெரிய ஹோட்டலில் எனக்குச் சாப்பாடு வாங்கித் தருவதாக அப்பா வெகுநாளாகச் சொல்லி வந்தார். லாரியை நிறுத்திவிட்டு அந்த வாசலில் நின்றபடி அவர் எத்தனையோ முறை பிளேன்டீ குடித்திருக்கிறார். உள்ளே மேசையில் உட்கார்ந்ததில்லை. வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. "பொறந்தநாளத் தள்ளிப்போட முடியுமா? சோறு இல்லாட்டி வேற ஏதும் இருக்கும். புள்ள மேசையில குந்தி சாப்பிடணும், அவ்வளவுதான்" என்றார் அப்பா.

கோயிலுக்குப் போய்விட்டு நடுப்பகலில் ஹோட்டலுக்குள் நுழைந்தோம். பரிமாற வந்த நடுவயதுக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "இன்னைக்கு சோறு இல்ல. கெழங்கும் சம்பலும் கருவாட்டுக் கொழம்பும் இருக்கு" என்றார். "புள்ளைக்குப் பொறந்தநாளுங்க, இடியப்பம் மாதிரி ஏதாச்சும்..." என்று அப்பா இழுத்தார். "மாவும் இல்ல. சட்டம்னா சட்டம், நாங்க என்னா செய்றது?" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வந்தது எங்கள் லயத்துக் கிழங்கேதான், பீங்கான் தட்டில் வந்தது என்பது மட்டுமே வித்தியாசம். ஆனாலும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி பதித்த மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அதுவரை ஒரு குறையும் தெரியவில்லை.

கை கழுவும் இடம் பின்பக்கம் இருந்தது. போகிற வழியில் திரை தொங்கிய ஓர் அறையிலிருந்து நெய்ச்சோற்று வாசம் வந்தது, எனக்குக் கால் நகரவில்லை. திரையோரமாகப் பார்த்தேன். உள்ளே இரண்டு பேர். ஒருவர் எங்கள் தோட்டத்துக் கிளாக்கரையா. லயத்து ஜனங்களுக்கு வேலைநாள் கணக்கில் பேர் போடுகிறவர், அரிசி கேட்டுப் போனால் "நாட்டு நெலம தெரியாதா" என்று விரட்டுகிறவர். அவர் தட்டில் குவியலாகச் சோறு, அதன்மேல் கோழிக்கால். மற்றவரை எனக்குத் தெரியவில்லை. மெதுவாகப் பேசத் தெரியாத வயது. மேசைக்கு ஓடிவந்து, "அம்மா, உள்ள கிளாக்கரையா சோறு திங்கிறாரு" என்றேன்.

அம்மா எழுந்துவிட்டாள். அப்பா அவள் முந்தானையைப் பிடித்தார். "ஒக்காரு மேரி. நாளைக்கு அந்தாளு மூஞ்சியிலதான் நான் முழிக்கணும்."

அவள் நேரே கடை முதலாளியின் முன்னால் போய் நின்றாள். "ஏங்க மொதலாளி, இன்னைக்கு சோறு இல்லைன்னீங்களே, உள்ள திங்கிறது என்னாங்க?" கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சத்தம் போடாதீங்கம்மா. கூட இருக்கிறது கவர்மெண்டு கந்தோர் ஐயா, கடைகடையா செக் பண்ண வாறவரு. அவருக்குப் போடாட்டி நான் கடைய மூடணும். புள்ளைக்கு வேணும்னா குசினியில வச்சு ஒரு பிளேட் தாரேன்" என்றார்.

கடைகளில் சோறு சமைக்கிறார்களா என்று பார்க்க வந்தவர்தான் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்!

"ஒளிஞ்சு திங்க எம்புள்ள என்னா திருடியா? மேசைக்குக் கொண்டாங்க" என்றாள் அம்மா.

தட்டு வந்தது. அதை என் முன்னால் வைத்தபோது, பக்கத்து மேசையில் கிழங்கு பிசைந்துகொண்டிருந்த கலேவெல வெங்காய வியாபாரி ஒருவர், "அப்ப எங்களுக்கும் போடுங்க" என்றார். "அபிடத் பத் தென்ன" என்று இன்னொருவர் சிங்களத்தில் அதையே கேட்டார். மேசைக்கு மேசை சத்தம் கிளம்பியது. கந்தோர் ஐயா பின்வாசலால் நழுவிவிட்டார். கிளாக்கரையா மட்டும் முன்பக்கமாக வந்து, எங்கள் மேசையருகே நின்று, அப்பாவைப் பார்த்து "நல்லாச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா எழுந்து நின்றார், அவர் கையில் கிழங்கு ஒட்டியிருந்தது. நான் அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் லாரியில் வேறொருவர் ஏறினார். அப்பாவைத் தண்ணீர் வடியக் கான் வெட்டும் வேலைக்கு, இடுப்பளவு சேற்றில் நின்று மண் அள்ளிப்போடும் வேலைக்கு அனுப்பினார்கள். தோட்டத்து லாரியை டவுனுக்குச் சொந்த வேலையாக ஓட்டிப் போனாராம், அதுதான் குற்றம். நாங்கள் போனதும் வந்ததும் பஸ்ஸில். கண்டக்டரைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும், ஒருவரும் கேட்கவில்லை. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா இப்பிடி ஆகியிருக்குமா" என்று லயத்துக்காரர்கள் அம்மாவைத்தான் ஏசினார்கள். அப்பா ஏசவில்லை. "அவ பொய் ஒண்ணும் சொல்லலையே" என்பார்.

இன்று அந்த ஹோட்டல் இல்லை. அந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். அந்தச் சட்டமும் போய்விட்டது. எங்கள் லயத்துக் குடும்பங்களில் பாதி அப்போதே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டன. போன மாதம் என் பேத்தியின் பிறந்தநாளுக்குக் குளிரூட்டிய ஹோட்டலொன்றில் கூடியிருந்தோம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "அந்தக் காலத்துல பணக்காரன் ஏழைன்னு இல்ல, எல்லாரும் ஒண்ணாத்தான் கெழங்கு தின்னோம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். "இல்லீங்க" என்று நான் சொன்னேன். கிளாக்கரையாவின் பெயரையும் ஊரையும் சொல்லி, அவர் தட்டில் இருந்ததையும் சொன்னேன்.

"அவருதான் செத்துப் போயிட்டாரே மாமி, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள் மருமகள்.

என் அப்பாவும்தான் செத்துப்போனார், மறுபடி ஒரு லாரியில் ஏறாமலே.