கிரேன் மாடும் ஆணிப் பன்றியும்

ஒட்டகச்சிவிங்கியின் படத்தைப் பார்த்து என் கணவர் “கிரேன் மாடு” என்றார். பக்கவாதம் வந்து ஏழு வாரம் கழித்து அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் வந்த முதல் இரண்டு சொற்கள் அவைதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கைதட்டினாள். நான் “ஒட்டகச்சிவிங்கி” என்று திருத்தினேன்.

திருத்துவது என் பிழைப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கான கைடு புத்தகங்கள் போடும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று இருபது வருடம் பார்த்துப் பார்த்து, வீட்டில் யார் பேசினாலும் கை சிவப்புப் பேனாவைத் தேடும். அவர் அவனியாபுரத்தில் லாரி ஒர்க்ஷாப் வைத்திருந்தவர். ஒரு நாள் காலையில் டீ கிளாஸ் அவர் கையிலிருந்து விழுந்தது, பின்னாலேயே அவரும் விழுந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயரைக் கேட்டார்கள். பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்திலும் எழுத்துப் பிழை இல்லாமல்தான் எழுதினேன்.

அதற்குப் பிறகு எல்லா நாளும் ஒரே நாள் மாதிரி ஆகிவிட்டது. விடிந்ததும் மாத்திரை, வலது கைக்கு எண்ணெய் தேய்ப்பது, தோளைக் கொடுத்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, கஞ்சி, மறுபடி மாத்திரை. நடுவில் அச்சகத்திலிருந்து வரும் தாள்களைத் திருத்த வேண்டும். வாரம் இரண்டு நாள் கோச்சடையிலிருந்து ஆட்டோ பிடித்து, கோரிப்பாளையம் சிக்னலில் வெயிலையும் ஹாரனையும் தின்றுவிட்டு, பயிற்சி நிலையத்தின் மாடிப்படியில் அவரை ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். பேச்சுப் பயிற்சி நிலையத்தை மாடியில் வைத்த புண்ணியவான் யார் என்று தெரிந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். தூங்கி எழுந்தால் போகிற களைப்பாக அது இல்லை. தூங்கி எழுந்ததும்தான் அது ஆரம்பிக்கும்.

பயிற்சிக்கு விலங்குப் படங்கள் போட்ட நாற்பது அட்டைகள். ஒரு செட்டை வீட்டுக்கும் கொடுத்தனுப்பியிருந்தாள் அந்தப் பெண். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு உட்காருவோம். நான் அட்டையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் அதை ஒர்க்ஷாப்புக்கு வந்த வண்டியைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்ப்பார். அப்புறம் தன்னிடம் மிச்சமிருக்கும் சொற்களில் இரண்டை எடுத்து மாட்டுவார். முள்ளம்பன்றி ‘ஆணிப் பன்னி’ ஆனது. வரிக்குதிரை ‘கோட்டுக் கழுத’. ஆமைக்கு ஒரே சொல்தான், ‘எல்மெட்’. வௌவாலைக் காட்டியபோது தலையைச் சாய்த்துப் பார்த்து, அட்டையைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லி இடது கையால் சைகை செய்தார்.

ஒவ்வொன்றையும் திருத்தினேன். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீர்யானையை அவர் ‘தண்ணி எரும’ என்றார். தும்பிக்கை இல்லாத ஒன்றை யானை என்று எழுதி வைத்திருப்பது நாம்தானே. நெருப்புக்கோழியிடம் நெருப்பு எங்கே இருக்கிறது? வான்கோழி எந்த நாளில் வானத்துக்குப் போனது? கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மீன், அதற்குக் கடற்குதிரை என்று பெயர். வெட்டுக்கிளியில் வெட்டுவது மட்டும் உண்மை, கிளி சும்மா. அதை முதலில் பார்த்தவருக்கும் அன்றைக்கு இவர் மாதிரி வாய் அடைத்துப்போயிருக்கும், கைக்கு அகப்பட்ட இரண்டு சொல்லை ஒட்டவைத்துவிட்டுப் போயிருப்பார். இதையெல்லாம் நான் இத்தனை வருடமாக ஒற்றுப் பிழை இல்லாமல் காப்பாற்றியிருக்கிறேன். எறும்புதின்னி ஒன்றுதான் யோக்கியமான பெயர். அந்தக் கணக்கில் எனக்குப் பிழைதின்னி என்று பெயர் வைத்திருக்கலாம். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். ஏன் என்று தெரியாமல் அவரும் வாய் கோணச் சிரித்தார்.

ஆனால் நாற்பது அட்டைக்கும் கீழே இன்னொரு அட்டை இருந்தது. அதில் என் புகைப்படம் ஒட்டியிருந்தது. பயிற்சி நிலையத்தில் எப்போதும் அது கடைசியில் வரும். “இவங்க பேரு என்னங்கய்யா?” என்று அந்தப் பெண் கேட்பாள். அவர் படத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உதடு அசையும், நெற்றி வேர்க்கும். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் நோட்டில் ஏதோ குறிப்பாள். கழுதையும் கிரேனும் நினைவிருக்கிற மனுஷனுக்கு முப்பத்தொரு வருடம் சோறு போட்டவளின் பெயர் இல்லை. மற்ற எதைத் தாங்கினாலும் இதை என்னால் தாங்க முடியவில்லை. இவர் மண்டைக்குள் நான் இன்னும் இருக்கிறேனா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அதனால் வீட்டில் அந்த அட்டையை முதலில் எடுக்க ஆரம்பித்தேன். முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தேன். என் பெயரைப் பெரிதாக எழுதி அலமாரியில் ஒட்டினேன். ஒரு நாள் ஏழெட்டுத் தடவை விடாமல் கேட்டதும், இடது கையால் அட்டைகளைத் தட்டிவிட்டார். ஒட்டகச்சிவிங்கி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து பொறுக்கும்போது எனக்கும் வாய் நீண்டுவிட்டது. “ஒங்களுக்கு நான் யாரோதான, சொல்லுங்க” என்று கேட்டேன். நோயாளியிடம் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

அந்த வாரம் அவருடைய அக்கா அவனியாபுரத்திலிருந்து வந்திருந்தார். மூன்று பஸ் மாறி வந்த கோபத்தோடு கட்டிலில் உட்கார்ந்து, நாங்கள் அட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் படத்தைக் காட்டி நான் பெயர் கேட்டதும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏத்தா, அவன் எந்தக் காலத்துல ஒம் பேரச் சொன்னான், இப்பச் சொல்றதுக்கு? ‘இங்கேரு’ன்னுதான தெரு முக்குல இருந்தே கத்திக்கிட்டு வருவான்.”

நான் அட்டையைக் கையில் பிடித்தபடி யோசித்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவையாவது இருக்கும் என்று தேடினேன். அடுத்தவரிடம் சொல்லும்போது ‘வீட்ல’ என்பார். ரேஷன் கடையில் ‘வீட்டுக்காரி’. என்னிடம் எப்போதும் ‘இங்கேரு’. இங்கே பார் என்பதுதான் என் பெயர். நான் மட்டும் என்ன, ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கேட்டதும் பேனாவை வாங்கி எழுதித்தானே கொடுத்தேன்? நல்ல நாக்கு இருந்தபோதே சொல்லிப் பழகாத சொல்லை அடிபட்ட நாக்கிடம் இரண்டு மாதமாகக் கேட்டு வதைத்திருக்கிறேன். அச்சகத்தில் ஒரு புள்ளியை விடமாட்டேன். இவ்வளவு பெரிய பிழை என் வீட்டு நடுவில் கிடந்தது, கண்ணில் படவில்லை.

“அப்ப ‘இங்கேரு’ன்னும் இவுக இன்னும் கூப்பிடலயே, மதினி” என்றேன்.

“நீ எங்குட்டு அவன விட்டு நகந்த? எதுக்கவே ஒக்காந்துருக்கவள எவன் கூப்புடுவான்?”

மதினி சாயங்காலம் கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் நான் அட்டைகளை எடுக்கவில்லை. அலமாரியில் ஒட்டியிருந்த என் பெயரைக் கிழித்துவிட்டு, திருத்த வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பு அறிவியல். ஒரு பக்கத்தைத் திருத்தி முடித்தேன். அது மனதில் ஏறாததால் மறுபடி முதலிலிருந்து திருத்தினேன். உள்ளே நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. எழுந்து ஓடாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கரண்ட் போனது. அவருக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி நிற்பது அடுப்படிவரை கேட்டது. சித்திரை வெயில் நேரம் அது. அப்போதும் நான் அசையவில்லை.

“இங்…” என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, சரிவு ஏறும் லாரி மாதிரி முக்கி முனகி, “இங்…கேரு” என்று முழுசாக வந்தது.

ஓடிப்போயிருக்க வேண்டும், போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குரலில் பழைய எரிச்சலும் சேர்ந்திருந்தது.

“வாரேன்” என்றேன்.