காலி பஸ், கொட்டகை நிறையச் செருப்பு

காலி பஸ்ஸைப் பார்த்து யாராவது பயந்ததுண்டா?

போன வியாழக்கிழமை, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், நான் பயந்தேன்.

பாதி ஆயுளை பஸ்களில் கழித்தவன் நான். படியில் தொங்கியிருக்கிறேன். கூரைமேல் வாழைத்தார்களுக்கு நடுவே படுத்துப் போயிருக்கிறேன். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், மூட்டை தூக்குகிறவன்... எந்த வேலைக்குப் போனாலும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனேன். காலி பஸ் கிடைத்தால் எனக்கு அன்றைக்குத் தீபாவளி. ஆனால் வியாழக்கிழமை மட்டும் ஒவ்வொரு காலி சீட்டும் என்னைப் பயமுறுத்தியது.

காரணம் ரோஸ்லின்.

ரோஸ்லின் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கச் சம்பளம் வாங்கும் பெண். நிஜப் பெயரும் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது இருபத்தாறு. சிவில் என்ஜினீயர். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி, சாலை போடுகிற ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் வெள்ளக்கடையைத் தாண்டி, காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிற சின்ன ஊர். கொஞ்ச நாள் முன்பு இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் மலை பஸ்களைப் பற்றி நான் கிண்டலாக ஏதோ எழுதப்போய், அவரிடமிருந்து கடிதம் வந்தது.

"எங்கள் ஊர் பஸ் எங்கள் ஊருக்கு வராது. மூன்று கிலோமீட்டர் முன்பே நின்றுவிடும். வியாழக்கிழமை வந்து ஏறிப் பாருங்கள். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும்."

அவ்வளவுதான் கடிதம். ஓர் ஊரில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருக்க முடியாத எனக்கு இது போதாதா? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விஷயம் சிக்கலானது இல்லை. கடைசி வளைவில் சாலை குறுகல். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். பஸ் அதற்கு மேல் போகாது. அங்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டி, சாலையை அகலப்படுத்தி, ஊருக்குள் பஸ் திரும்ப ஓர் இடம் செய்து கொடுத்தால் போதும். ரோஸ்லினே அளந்து, படம் வரைந்து, மதிப்பீடு போட்டு, நிதி கேட்டு ஃபைலை அனுப்பினார். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை ஃபைலைத் தானே தூக்கிக்கொண்டு மேலதிகாரியின் மேஜை முன்னால் போய் நின்றுவிட்டார்.

"அங்கே வீட்டுக்கு வீடு டூ-வீலர் நிக்குதேம்மா... பஸ்ஸில் யார் ஏறப் போறாங்க?"

"டூ-வீலர் ஆம்பளைங்க எடுத்துட்டுப் போயிருவாங்க சார். ஒரு நாள் வந்து எண்ணிப் பாருங்க."

அதிகாரி கெட்டவர் இல்லை. யோசித்திருக்கிறார். "சரி, நானே வர்றேன். கூட்டம் இருந்தா இந்த வருஷ நிதிக்குப் பரிந்துரை பண்றேன். இல்லேன்னா ஃபைலை மூடிரலாம். சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டார் ரோஸ்லின். சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் மூச்சுவிட இடம் இருக்காது என்பது சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். பந்தயம் கட்டுகிற மாதிரியே இல்லை, அவருக்கு.

நாலரை மணி ஆயிற்று. பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், அதிகாரி, ரோஸ்லின், நான். எங்களைத் தவிர இரண்டு பேர்.

"என்னங்க அண்ணா, ஒருத்தரும் காணோம்?" ரோஸ்லின் கண்டக்டரிடம் மெதுவாகக் கேட்டார்.

"காத்தால இருந்தே இப்படித்தானுங் மேடம். மேல இருந்து ஒரு ஆளு எறங்கி வரலீங்க. எனக்கும் ஒண்ணும் புரியல."

வண்டி நகரப்போகும்போது மூன்றாவதாக ஓர் அம்மாள் இரண்டு பைகளோடு ஓடி வந்து ஏறினார். பழனியம்மா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். அடிவாரத்தில் மகள் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார். உள்ளே ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங் கண்டக்டரு, இன்னிக்கி என்ன பந்த்துங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்ப எங்க போச்சு சனம்? ஆரு ஊட்டுலயாச்சும் கலியாணமோ? என்னயக் கூப்புடாம எவன் ஊட்டுல கலியாணம்?"

ஒரு பைக்கு ஒரு சீட், தனக்கு ஒரு சீட் என்று ஒதுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். "எத்தன வருசமா இந்த பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கறேன்... இன்னிக்கித்தானுங்க ஜன்னலு கெடச்சுது. நொம்ப நல்லாத்தான் இருக்குது!"

அவருக்கு மட்டும்தான் நன்றாக இருந்தது. ரோஸ்லின் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தார். ஃபைலைக் கட்டியிருந்த நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. எதற்குச் சாட்சி சொல்ல வந்தேன்? காலி சீட்டுக்கா?

"டிக்கெட் கணக்கு இருக்குமே, அதைக் கேட்டு வாங்கக் கூடாதா?" என்று ரோஸ்லின் காதருகே குனிந்து கேட்டேன்.

"கேட்டிருக்கேனுங்க. அது வேற ஆபீஸ். நாலு லெட்டர் போட்டாச்சு... பதில் வரல."

வழியில் இரண்டு பேர் இறங்கிக்கொண்டார்கள். அதிகாரி சின்ன நோட்டை எடுத்து, ஏறியவர்கள் கணக்காக 'மூன்று' என்று எழுதினார். எழுதிவிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னார்: "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும், ரோஸ்லின்."

"தெரியுதுங்க சார்."

அந்த 'தெரியுதுங்க'வில் ஒன்று ஒளிந்திருந்தது. காலையில் டீக்கடையில் அவர் என்னிடம் சொன்னதுதான். தங்கச்சி அமலி. பிளஸ் டூ முடித்துச் சேலத்தில் காலேஜில் சேர்ந்தாள். தினமும் போய்வர வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும். மழை, சேறு, வளைவில் காட்டெருமை நிற்கும். இரண்டாவது மாதம் நின்றுவிட்டாள். இப்போது எஸ்டேட்டில் பழம் பறிக்கிறாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் ரோஸ்லின் இதைச் சொன்னார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமும் தூரம், பஸ்ஸும் கிடையாது. அதற்காக உட்கார்ந்து அழுததில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

கடைசி நிறுத்தம் வந்தது. தூறல். கண்டக்டர் கீழே இறங்கி விசில் ஊத, டிரைவர் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். சாலை ஓரத்தில் பழைய தகரக் கொட்டகை ஒன்று. முன்பு எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடை போட்ட இடம்.

பழனியம்மா நேரே போய், கொட்டகையின் தகரக் கதவை இழுத்துத் திறந்து, உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். காலில் இருந்த நல்ல செருப்பைக் காணோம். தேய்ந்த, சேறு காய்ந்த ரப்பர் செருப்பு ஒன்று மாட்டியிருந்தார்.

அதிகாரி தன் பாலிஷ் போட்ட ஷூவையும் முன்னால் இருந்த சேற்றுப் பாதையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ளே என்னம்மா?"

"செருப்புங்க."

"யாருடைய செருப்பு?"

"ஊருச் சனத்துதுங்க. இந்தச் சேத்துல நல்ல செருப்புப் போட்டு நடக்க முடியுங்களா? ஊட்ல இருந்து வாரப்ப பழசப் போட்டுக்கிட்டு வருவோம். இங்க மாட்டிப்போட்டு, நல்லதப் போட்டுக்கிட்டு பஸ் ஏறுவோம். திரும்பி வாரப்ப நல்லத இங்க மாட்டிப்போட்டு பழசப் போட்டுக்குவோம். செருப்பு தேயாம இருக்கோணுமல்லங்க?"

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

மூங்கில் கழிகளில், ஆணிகளில், வரிசை வரிசையாகத் துணிக்கடைப் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு ஜோடி. எல்லாம் நல்ல செருப்புகள். பட்டன் வைத்தது, குதிகால் வைத்தது, ஆஸ்பத்திரி வேலைக்குப் போடுகிற வெள்ளைச் செருப்பு. பெண்கள் செருப்புத்தான் முக்கால்வாசி.

"அட, எல்லாம் இங்கியே இருக்குதே!" என்றார் பழனியம்மா. "அப்ப இன்னிக்கி ஒருத்தரும் டவுனுக்கே போகலியாட்ட இருக்குது!"

ரோஸ்லின் அப்படியே நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போன காலமெல்லாம் இந்தக் கொட்டகையில் செருப்பு மாற்றியவர்தான். ஃபைலில் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார். இதை எழுதத் தோன்றவே இல்லை. தினமும் பார்ப்பதை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

"எண்ணுவோம்," என்றார் அதிகாரி. "மூணு பேரும் தனித்தனியா. சொல்லிக்காம."

எண்ணினோம். அதிகாரிக்கு அறுபத்திரண்டு. எனக்கு அறுபத்திரண்டு. ரோஸ்லினுக்கு அறுபத்தொன்று.

எட்டாவது வரை படித்த நான் ஓர் என்ஜினீயரைக் கணக்கில் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி குஷியாகக்கூட இருந்தது.

"உனக்கு ஒண்ணு விட்டுப்போச்சும்மா," என்றார் அதிகாரி.

"இல்லீங்க சார். அறுபத்தொண்ணுதான் சரி."

"மூலையில் ஒரு மஞ்சள் பை இருக்கே?"

ரோஸ்லின் ஃபைல் நாடாவை விரலில் சுற்றினார். பழனியம்மாதான் சொன்னார். "அது இந்தக் கண்ணோட தங்கச்சிதுங்க. காலேஜுக்குன்னு வாங்குனது. படிப்ப உட்டுப்போட்டும் எடுத்துக்கிட்டுப் போக மாட்டேங்குது. கேட்டா, பஸ்ஸு ஊருக்கு வரட்டும், அப்ப மாட்டிக்கறேங்குது."

"இப்ப அவ பஸ் ஏறுறதில்லீங்க சார்," என்றார் ரோஸ்லின். "அதைச் சேர்த்தா பொய்க் கணக்கு."

ஒரு எண் கூடினால் யாருக்கு நல்லது? அவருக்குத்தான். அதைத்தான் வேண்டாம் என்றார். அதிகாரி நோட்டை எடுத்தார். 'மூன்று' என்று எழுதியதன் கீழே 'செருப்பு – அறுபத்தொரு ஜோடி' என்று எழுதினார்.

சரி, பழனியம்மா போக மற்ற அறுபது பேரும் எங்கே போனார்கள்? மூன்று கிலோமீட்டர் சேற்றில் நடந்து ஊருக்குப் போனபோது விடை கிடைத்தது. மொத்த ஊரும் சாலையில் நின்றுகொண்டிருந்தது. சாமந்தி மாலையோடு முன்னால் நின்றவர் எஸ்டேட் ரைட்டர் சவரிமுத்து. தினமும் காலையில் தொழிலாளர்களைக் கூப்பிட்டுப் பேர் எழுதுகிறவர். ரோஸ்லினின் அப்பா.

"வாங்க சார், வாங்க! பஸ்ஸுல எடஞ்சல் இல்லாம வந்தீங்களா?"

"இடைஞ்சலா? பஸ்ஸே காலிங்க."

ரைட்டர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நாந்தானுங்க சொல்லிப்போட்டேன்! புள்ளையோட ஆபீசருங்க வாராங்க, அவுங்க நின்னுக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? நேத்துக் காத்தால பேர் போடறப்பவே கறாராச் சொல்லிப்போட்டனுங்க. நாளைக்கி ஒருத்தரும் பஸ் ஏறப்படாதுன்னு. வேலைக்கிப் போறவிய லீவு போட்டுட்டாங்க. ஒரு ஆளு மீறலீங்க!"

"அப்பா..." என்றார் ரோஸ்லின். பக்கத்தில் இருந்த கல்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"ரைட்டரே," என்றார் அதிகாரி, மாலையைக் கழற்றிக்கொண்டே, "உங்க பொண்ணோட ஃபைலை இன்னைக்கு நீங்களே மூடப் பார்த்தீங்க. நல்லவேளை, இந்தம்மா செருப்பு மாத்துனாங்க."

ரைட்டருக்குப் புரியவில்லை. பழனியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அறிவிருக்குதாய்யா ரைட்டரே? கூட்டத்த எண்ண வந்தவிய்ங்களுக்குக் கூட்டத்த ஒளிச்சு வெச்சிருக்கறீரு! அதுதான் எனக்கு ஜன்னலு கெடச்சுதா?"

ஊரே சிரித்தது. ரைட்டர் மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்கு ஆரு கண்ணு சொன்னாங்க..." என்றார், ரொம்ப மெதுவாக.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபைல் வைத்திருப்பவரைக் கண்டால் எழுந்து இடம் கொடுத்தே பழகிவிட்டோம். அவர் நம் சீட்டை எண்ணத்தான் வந்திருக்கிறார் என்று யார் நமக்குச் சொல்கிறார்கள்? வருகிறவர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் எண்ணுகிறார்கள். கொஞ்சம் இறங்கி நடந்தால்தானே கொட்டகைக் கதவு கண்ணில் படும்?

அமலி டீ கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கும்போது என் கண் அவள் காலுக்குப் போய்விட்டது. வெறுங்கால். சேறு.

நிதி கிடைக்குமா? தெரியாது. அதிகாரி பரிந்துரை எழுதிவிட்டார். ஃபைல் அடுத்த மேஜைக்குப் போயிருக்கிறது. செருப்பை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது, படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லையே என்று அந்த மேஜைக்காரர் கேட்டாராம். கட்டம் போட்டுக் கொடுக்க ரோஸ்லினே கிளம்பிப் போயிருக்கிறார். நான் இதை வேறோர் ஊரின் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயும் கால் தரிக்கவில்லை.

ரோஸ்லின் அறுபத்தொன்று என்றே எழுதியிருக்கிறார். அது அவருடைய நேர்மை... என் கணக்கு அறுபத்திரண்டுதான்.