பாசி பிடித்த மொட்டை மாடி

என் மனைவி இரண்டாவது முறை உண்டாகியிருந்த வருடம் நாங்கள் கருங்கல் என்ற ஊரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். முதல் கரு நான்காம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. காரணம் சொல்லத் தெரியவில்லை என்றார் டாக்டர். அதனால் இந்தத் தடவை எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். ஆட்டோவில் ஏறினால் பயம், அவள் தும்மினால்கூடப் பயம்.

மாடியில் இரண்டு அறைகள். குளியலறையும் கழிப்பறையும் மொட்டை மாடியின் மறுகோடியில் இருந்தன. இடையில் பதினைந்து அடி திறந்தவெளி. கோடையில் குடிவந்தபோது அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஜூன் மழை பிடித்துக்கொண்டதும் சிமென்ட் தளம் முதலில் கறுத்தது, பிறகு பச்சையானது. பத்தே நாளில் கால் வைத்தால் சோப்பில் வைத்தது போல வழுக்கியது. அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறையாவது அந்தப் பதினைந்து அடியைக் கடக்க வேண்டியிருந்தது.

சாக்குகளை விரித்துப் பார்த்தேன். நனைந்ததும் அவையும் காலோடு நகர்ந்தன. சந்தைப் பக்கம் இருந்த ஹார்டுவேர் கடையில் ஆசிட் கேட்டேன். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆசிட் சிமென்டை அரித்துவிடும், பிறகு பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லி ப்ளீச்சிங் பவுடர் கொடுத்தார். இரண்டையும் மட்டும் ஒருபோதும் கலந்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரத்தில் அதைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, ஈர்க்கு வாரியலால் தேய்த்தேன். தளம் வெளுத்தது. ஆனால் அந்த நெடியில் அவள் அன்று முழுக்க வாந்தி எடுத்தாள். கழுவிய தண்ணீர் குழாய் வழியே கீழே விழுந்து வீட்டுக்காரம்மாவின் நல்லமிளகுக் கொடியைக் கருக்கிவிட்டது.

அவர் ஓய்வு பெற்ற டீச்சர், தனியாகக் கீழே இருந்தார். இனி அந்தப் பவுடர் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். மாடிமேல் கவிந்து நின்ற பிலா மரத்தின் கொப்புகளை வெட்டினால் வெயில் விழும் என்று கெஞ்சிப் பார்த்தேன். சக்கை காய்த்துக் கிடக்கிற மரத்தில் வெட்டுக்கத்தி வைக்க முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் பாசி திரும்பி வந்தது. நான் அவளிடம், நான் வீட்டில் இல்லாதபோது வெளியே கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, ஒன்றுக்குப் போக அறைக்குள்ளேயே ஒரு வாளியும் மூடியும் வாங்கி வைத்தேன். நாகர்கோவிலில் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு மணிக்கொரு முறை போன் செய்வேன். அவள் பதில் நாளுக்கு நாள் சுருங்கியது. கடைசியில் வெறும் "ம்" மட்டும்தான் வந்தது.

ஒருநாள் மதியம் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, அனுமதிகூடக் கேட்காமல் பஸ் ஏறினேன். அந்தப் பயணத்தில் என்னென்ன நினைத்தேன் என்பதை இன்றும் எழுத முடியவில்லை. படியேறி மேலே வந்தால், மொட்டை மாடியின் நடுவே அவள் தரையில் இருக்கிறாள். சேலையெல்லாம் ஈரம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையில் நாரோடு ஒரு தேங்காய்த் தொண்டு. பக்கத்தில் சோப்புப்பொடிக் கிண்ணம். அறை வாசலிலிருந்து குளியலறை வரை சாம்பல் நிறத்தில் ஒரு பாதை சுத்தமாகத் தெரிந்தது.

"நான் விழல்ல" என்றாள். "நின்னாத்தானே வழுக்கும்? இருந்துகிட்டே கொஞ்சங்கொஞ்சமா நெரங்கித் தேச்சா எப்பிடி விழுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகைதான் முந்திக்கொண்டது. அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"உங்க பயத்தை நான் எத்தனை நாள் சொமக்கணும்? எனக்கும் பயம் உண்டு. அந்த வாளியில இருக்கதுக்கு, விழுந்தாலும் பரவாயில்லன்னு தோணிப்போச்சு."

பேச்சுச் சத்தம் கேட்டு டீச்சர் மேலே வந்தார். ஆறு மாத வயிற்றோடு தரையில் இருப்பவளைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். இறங்கிப் போனார். மறுநாள் காலை மரம் வெட்டுகிறவர் வந்தார். மாடிமேல் கவிந்திருந்த மூன்று கொப்புகளும் போயின. டீச்சரே ஒரு பிளம்பரை வரவழைத்து, தண்ணீர்த்தொட்டி நிறைந்து தளத்தில் வழிந்துகொண்டிருந்த குழாயை நேராகக் கீழே இறக்கினார். தளத்தில் எந்நேரமும் ஈரம் நின்றதற்குப் பாதிக் காரணம் அந்தக் குழாய்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தளத்துத் தண்ணீர் வடிய முடியாமல் சருகு அடைத்திருந்த தூம்பை நான் குச்சியால் குத்திவிட்டேன். வெயில் அடித்த நாளில் தளம் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

வாளியைக் கீழே கொண்டு போய் வைத்துவிட்டேன். போனை மதியம் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கே நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டால் தேய்க்கும் வேலை என்னுடையதானது. அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன இடத்தைக் கைகாட்டுவாள்.

அக்டோபர் மழையில் மகள் பிறந்தாள். அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு டீச்சர் ஒரு டப்பா சக்கை வறுவலோடு வந்தார்.